எறும்பு ஏறாத மரம்

உட்காருங்கள். அந்தப் பெஞ்சில் வேண்டாம், அதன் ஒரு கால் இன்னும் பசை பிடிக்கவில்லை. இந்த முக்காலியில் உட்காருங்கள். சாரல் இப்போதைக்கு விடாது. போடிமெட்டில் மேகம் இறங்கிவிட்டால் கீழே எங்களுக்கு ஒரு மணி நேரமாவது தூறும்.

என்ன கேட்டீர்கள்? மேலே அந்த விடுதியில் பார்த்த சாப்பாட்டு மேசை மாதிரி ஒன்று. தேசப்படம் வரைந்தது போல வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்த மேசை. ஆமாம், இங்கே செய்ததுதான். இரண்டு நாள் அதிலேயா சாப்பிட்டீர்கள்? தலைவலித்ததா? மலைக்காற்று. சமவெளிக்காரர்களுக்கு முதலில் அப்படித்தான் இருக்கும்.

அந்த மரத்தில் நான்கு பலகைதான் மிச்சம். அதோ, சாக்குப் போட்டு மூடியிருக்கிறது. தருகிறேன். ஆனால் நீங்கள் தெருமுனை டீக்கடையில் வழி கேட்டிருப்பீர்கள். “யாரு, பேய்மரத்து லைப்ரேரியனா?” என்று அவன் கேட்டிருப்பானே? சிரிக்கிறீர்கள். அப்படியானால் கேட்டிருக்கிறான். இனி நான் சொல்லாமல் விட்டால் நான் மறைத்தேன் என்றாகும். முழுவதும் கேட்டுவிட்டு வாங்குங்கள், அல்லது விடுங்கள்.

நான் முப்பத்தோரு வருஷம் நூலகர். அதனால் என் பேச்சு கொஞ்சம் அச்சடித்த மாதிரி வரும். “வீட்டுல பேசுற மாதிரி பேசுங்களேன்” என்று என் மனைவி கோமதி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இன்னொரு பழக்கமும் அங்கே ஒட்டிக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தடவைதான் எழுந்திருப்பேன். நிஜமாகவே புத்தகம் வேண்டியவன் மூன்று தடவை கேட்பான்; மற்றவன் இரண்டாவதோடு போய்விடுவான். அனுபவத்தில் கண்ட விதி. கோமதிக்கு இது பிடிக்காது. ஆனாலும் முப்பத்தைந்து வருஷமாக மூன்று தடவை கூப்பிடுகிறாள்.

ஓய்வு பெற்றபின் பழைய மரத்தில் இறங்கினேன். இடிக்கிற வீடுகளின் கதவு, நிலை, உத்தரம், உடைத்த வண்டிச்சக்கரம், எல்லாம் வாங்கி வந்து மேசை, நாற்காலி, கட்டில் செய்து விற்பது. உங்களைப் போன்றவர்கள் இதை ‘ரஸ்டிக்’ என்கிறீர்கள். நான் ‘முரட்டுப் பாங்கு’ என்று தமிழில் எழுதிப் பலகை மாட்டினேன். ஒரு கார்கூட நிற்கவில்லை. அழித்துவிட்டு ரஸ்டிக் என்று எழுதினேன். மறுநாளே நின்றது. தமிழுக்கு நான் செய்த ஒரே துரோகம் அதுதான்.

கைவேலை காளியப்ப ஆசாரியுடையது. யோசனை என்னுடையது. அப்படித்தான் நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தோம்.

போன தையில் ஏலக்காய் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கிட்டங்கியை இடித்தார்கள். கிட்டங்கி என்றால் உங்கள் ஊர் குடோன்தான். இந்தச் சொல் கேட்க நன்றாக இருக்கிறது, அதனால் விடமாட்டேன். முதலில் ஏலக்காய் மூட்டை வைக்கக் கட்டியது. பிறகு நாற்பது வருஷம் தோட்டங்களுக்குப் போகும் பூச்சிமருந்து அடுக்கியிருந்தார்கள். உள்ளே மரத்தாலேயே ஒரு பரண், நீளமாக, முழுத் தேக்கு. தகர டின்கள் ஒழுகி ஒழுகி அந்தப் பலகைகளில் கறை படிந்திருந்தது. அப்படி ஒரு கறையை எந்த ஓவியனும் போட முடியாது. நீங்கள் மேசையில் பார்த்தீர்களே, இலங்கை மாதிரி ஒன்று, அது எதுவோ ஒரு டின்னின் அடி.

இடித்த மேஸ்திரி அதை விறகுக்கு ஒதுக்கி வைத்திருந்தார். “அய்யா, இது வேணாம். செங்கச்சூளைக்காரனே வேணாம்னுட்டான்” என்றார்.

ஏன் என்று கேட்டேன். காரணம் சொன்னார். கிட்டங்கியில் காவலுக்குப் படுத்த மொக்கைச்சாமி என்பவன் அந்தப் பரணுக்குக் கீழேயே வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தானாம். அடுத்து வந்த காவல்காரன் ஒரு வருஷத்தில் கை நடுங்கி, வாய் குழறி, வேலையை விட்டானாம். மூன்றாவது ஆள் பகலில் மட்டும் வந்தான். மொக்கைச்சாமி மரத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான் கதை.

நூலகத்தில் இந்த வகைப் பேச்சுக்கு 133 என்று ஓர் எண் உண்டு. பேய், பிசாசு, குறி, சகுனம் எல்லாம் அங்கே. எங்கள் கிளையில் மிக அதிகமாக இரவல் போன அலமாரி அதுதான். பயிர்நோய், பூச்சிமருந்து எல்லாம் 632. அந்தப் பக்கம் ஒருவரும் வந்ததில்லை. நானே தூசி தட்டத்தான் போயிருக்கிறேன். இப்படிப்பட்ட ஊரில் மேஸ்திரியைக் குறை சொல்லி என்ன பயன்? இரண்டு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

பலகைகளை இந்தக் கொட்டகையில் இறக்கிய அன்று ஒரு வாசனை வந்தது பாருங்கள். அப்படியே நூலகத்து அலமாரியைத் திறந்த மாதிரி. நாங்கள் புத்தகத்துக்கு வெள்ளை உருண்டை போடுவோம் அல்லவா, அதே குடும்பத்து வாசனை. முப்பத்தோரு வருஷம் மூக்கில் இருந்த வாசனை, ஓய்வு பெற்றதும் போய்விட்டது. திரும்பக் கிடைத்தது. அன்று கொஞ்ச நேரம் அந்தப் பலகைகள் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

காளியப்பன் இழைப்புளியை எடுத்தான். நான் தடுத்தேன்.

“மேல்தோலைத் தொடாதே. கறைதான் அழகு.”

“இழைச்சாத்தானே சார் மரம்? இது சாக்கடையில கெடந்த பலக மாதிரி இருக்கு.”

“அந்தச் சாக்கடையைத்தான் கார்க்காரர்கள் கேட்கிறார்கள்.”

“அப்ப வீட்டுக்கு ஒரு சாக்கடைய வெட்டிக் குடுத்துரலாமே சார், மரம் எதுக்கு?”

நல்ல வாய் அவனுக்கு. கடைசியில் என் சொல்தான் நின்றது. இழைக்கக் கூடாது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசியைத் தட்டி, ஆளிவிதை எண்ணெய் ஒரு கை. வார்னிஷ் கூடாது, பளபளத்தால் போயிற்று. முரட்டுப் பாங்கின் விதியே அதுதான். மரம் எப்படி இருந்ததோ அப்படியே உங்கள் கைக்கு வர வேண்டும்.

இந்த மரத்தின் தரத்தை நான் சும்மா சொல்லவில்லை. சோதித்தே பார்த்தேன். ஒரு பலகையின் நடுவில் வெல்லத்துண்டு வைத்தேன். கட்டெறும்பு வரிசையாக வந்தது. பலகை ஓரம் வரை வந்து நின்றது. மீசையை ஆட்டியது. திரும்பிவிட்டது. மூன்று நாள் அந்த வெல்லம் அப்படியே இருந்தது. கரையான் தொடாது, ஈ உட்காராது. உத்தரத்திலிருந்து ஒரு பல்லி தவறி விழுந்தது, அடுத்த நாள் காலையில் அங்கேயே காய்ந்து கிடந்தது. வேறு எந்தத் தேக்குக்கு இந்த யோக்கியதை உண்டு? வாசல் பலகையில் பார்த்திருப்பீர்கள், ‘எறும்பு ஏறாது’ என்று. அது இந்த மரத்தைப் பற்றி எழுதியதுதான்.

காளியப்பன் அதையும் எதிராகத்தான் பிடித்துக்கொண்டான். “எறும்பு ஏறாத எடத்துல மனுசன் ஏறலாமா சார்?” என்றான். எழுதி வைத்துக்கொள்ளலாம் போல நன்றாகத்தான் சொன்னான். ஆனால் வாதம் இல்லை.

மாசியில் அவனுக்குத் தலைவலி தொடங்கியது. பிறகு கண் எரிச்சல். பிறகு உளி நழுவ ஆரம்பித்தது. நூல் பிடித்த மாதிரி வெட்டுகிற கை அது. ஒரு நாள் பெருவிரல் நகத்தையே கொத்திக்கொண்டான். வயது ஐம்பத்திரண்டு, வெற்றிலை ஓயாது, கண்ணாடி போட மாட்டான். இதற்கு மொக்கைச்சாமி எதற்கு? ஆனால் அவன் பிடிவாதமாக, “தச்சு கழிச்சிரணும் சார்” என்றான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். புது வீடு குடிபோகும் முன் ஆசாரிகள் செய்கிற சடங்கு. மரத்தில் இருந்ததை மரத்திலிருந்து இறக்கி, சேவல் காவு கொடுத்து அனுப்பிவைப்பது. வீட்டுக்குத்தான் வழக்கம், பலகை அடுக்குக்குச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. சரி, ஒரு சேவல்தானே என்று விட்டுக்கொடுத்தேன். இந்த மாதிரி விஷயங்களை நேரில் பார்த்துக் குறிப்பெடுப்பதில் எனக்கு ஆசை வேறு.

காலையில் சேவலைக் கொண்டு வந்து பலகை அடுக்கின் மேலேயே கட்டினான். பூசை சாயங்காலம். பசிக்குமே என்று கோமதி ஒரு பிடி நொய்யரிசியை அந்தப் பலகையிலேயே தூவிவிட்டுப் போனாள். சேவல் கொத்திக் கொத்தித் தின்றது. மூன்று மணிக்குப் பார்த்தால் கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒரு சிறகை மட்டும் அடித்துக்கொண்டு கிடந்தது. நான்கு மணிக்கு அதுவும் இல்லை.

காளியப்பன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டான்.

“கொடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக்கிருச்சு சார்.”

வெயில், என்றேன். மாசி வெயில் சேவலுக்கு ஆகாது. அதன் கறியையும் யாரும் தின்னவில்லை. நான் ஒருவன் சொல்லிப் பார்த்தேன். தெரு நாய் ஒன்று இழுத்துக்கொண்டு போனது. அந்த நாயைப் பற்றியும் டீக்கடையில் ஒரு கதை உண்டு. விடுங்கள்.

பங்குனியில் எனக்குப் பேத்தி பிறந்தாள். என் மகள் இளவேனிலுக்குத் தலைப்பிரசவம், நம் வீட்டில்தான். அந்தச் சந்தோஷத்தில் நான் இருக்கும்போது, சித்திரை பத்தாம் தேதி, காளியப்பன் இந்த இடத்தில், இதோ நீங்கள் கால் வைத்திருக்கிற இடத்தில், வலிப்பு வந்து விழுந்தான். கையில் கம்பி பிரஷ். முகமெல்லாம் அந்தப் பலகைத் தூசி, மாவு பூசிய மாதிரி. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். நானேதான் கொண்டு போனேன், அதை அவன் எங்கும் சொல்வதில்லை.

சின்ன வயது டாக்டர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். “தோட்டத்துல மருந்து அடிக்கிறவரா?” என்றார்.

“இல்லை, மரவேலை” என்றேன்.

“வீட்டுல பூச்சிமருந்து ஏதாவது வச்சிருக்காரா? கோவத்துல எதையாவது குடிச்சாரா?”

“குடிக்கிற ஆள் இல்லை, டாக்டர், வெற்றிலை மட்டும்தான்” என்றேன். அவர் இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, “அப்பப் புரியலையே” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இந்தப் பக்கத்து டாக்டர்களுக்கு யார் வந்தாலும் இதே கேள்விதான். தோட்டக்காரர்களையே பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். தச்சனைத் தச்சனாகப் பார்க்கத் தெரிய வேண்டாமா?

காளியப்பன் பிழைத்துக்கொண்டான். ஆனால் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தான், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

“அந்த மரத்த எரிச்சிருங்க சார். உங்க கால்ல விழுறேன். இல்ல, எரிக்கக்கூட வேணாம், அந்தப் பொகை யார் மேல படுமோ. குழி வெட்டிப் புதைச்சிருங்க.”

“மொக்கைச்சாமியையா?”

“சிரிக்காதீங்க சார். வீட்டுல பச்சப்புள்ள இருக்கு.”

இதுதான் என் வருத்தம். நான்கு வருஷம் கூட வேலை செய்தவன். ஒரு ஊரையே என் வாசலுக்கு வராமல் செய்துவிட்டான். அவன் மகன் இங்கே விட்டுப்போன உளிப்பெட்டியை எடுக்கக்கூட வாசலுக்கு வெளியே நின்றுதான் கேட்டான்.

கோமதியும் பயந்துவிட்டாள். அவள் படிக்காதவள் இல்லை. ஆனால் சேவலைப் பார்த்தவள். “இந்த மரத்துத் தூசி வீட்டு வாசப்படி தாண்டி வரக்கூடாது” என்று சட்டம் போட்டாள். நானும் ஒப்புக்கொண்டேன். வாயளவில் ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், பேத்திக்கு நான் ஒரு தொட்டில் செய்ய நினைத்திருந்தேன். கோமதி அவளுடைய பழைய சேலையில் தூளி கட்டியிருந்தாள். தூளி மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் கட்டில் செய்கிறவன் பேத்தி கந்தல் சேலையில் ஆடுவதா? இளவேனிலும், “அப்பா, நீங்க செய்றதுன்னா எனக்குச் சம்மதம்ப்பா” என்றாள். என்னிடம் அப்போது கையில் இருந்ததில் இதைவிட உயர்ந்த மரம் கிடையாது. பேத்திக்கு மட்டமான வேப்பம்பலகையிலா செய்வேன்?

அதனால் ஒரு சின்னக் குறும்பு செய்தேன். கோமதி தேநீர் கொண்டுவருவாள், அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பழைய நூலகக் கட்டடத்தில் கழித்துக்கட்டிய வாசிப்பு மேசை ஒன்றை ஏலத்தில் எடுத்தேன் என்று சொன்னேன். தொட்டில் அந்த மேசை மரம். அவள் சந்தேகத்தோடு கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. “ஆமாங்க, உங்க சட்டையில அடிக்குமே, அதே லைப்ரரி வாசன” என்றாள். எனக்கு ஒரு கணம் மனசு கனத்தது, பொய் சொன்னதற்காக. பிறகு யோசித்தேன்: பொய் பயத்துக்குப் பொய்தான் மருந்து.

கறை தெரிந்தால் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே இந்த ஒரு தடவை மட்டும் என் விதியை நானே மீறி இழைத்தேன். காளியப்பன் இல்லை, நானேதான். மூன்று நாள். எவ்வளவு இழைத்தாலும் உள்ளேயும் வெண்மை ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவு ஊறியிருக்கிறது. கொட்டகை முழுக்கத் தூள் மிதந்தது. முடித்தபோது என் புருவமெல்லாம் வெள்ளை. ஆனால் தொட்டில்! வந்து பார்த்தால் சொல்வீர்கள். நான்கு பக்கமும் மரக்கம்பு அழி, தலைமாட்டில் தாழ்வாக வளைந்த கைப்பிடி. கைப்பிடிக்கு எண்ணெய்கூடப் போடவில்லை. குழந்தை வாய் வைக்கும் இடமாயிற்றே, எதுவும் பூசக்கூடாது என்று கவனமாக இருந்தேன்.

ஆனி கடைசியில் போட்டோம், இப்போது ஆவணி. ஒன்றரை மாதமாக அதில்தான் தூங்குகிறாள். கொசுவலையே தேவைப்படவில்லை, ஒரு கொசு கிட்டே போகாது. ஐந்து மாதம் ஆகிறது. குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, அந்தக் கைப்பிடியைப் பிடித்துச் சப்பிக்கொண்டே இருப்பாள். பல் வரப் போகிறது போல, ஓயாமல் ஜொள்ளு. முதலில் அழுமூஞ்சி, தெருவே கேட்கும். இப்போது அழுவதே இல்லை. காலையில் போட்டால் மத்தியானம் வரை தூங்குகிறாள். தூக்கத்தில் கை மட்டும் இப்படி வெட்டி வெட்டி இழுக்கும். நரி விரட்டுகிறது என்கிறாள் கோமதி. தூங்குகிற குழந்தையை நரி வந்து விரட்டுமாம், பூக் காட்டுமாம். அதற்கும் 133-தான் என்று நான் சொன்னேன். நரம்பு வளர்ச்சி, எல்லாக் குழந்தைக்கும் உண்டு.

இளவேனிலுக்கு மட்டும் நாலைந்து நாளாகத் தலைவலி. தொட்டிலை ஒட்டித்தான் படுக்கிறாள். குழந்தை பார்த்த அலுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அந்த டார்ச் டாக்டரிடம் போகாதே, தோட்டத்தில் மருந்து அடிக்கிறாயா என்று கேட்பார் என்று சொல்லி அனுப்பினேன். சிரித்துக்கொண்டே போனாள்.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். நான்கு பலகை போதும், ஆறு பேர் உட்காரலாம். உங்கள் முகவரியை இந்த நோட்டில் எழுதுங்கள். இல்லை இல்லை, நீங்களே எழுதுங்கள். நூலக அட்டையில் முத்து முத்தாக எழுதிய கை இது; ஆனியிலிருந்து கொஞ்சம் ஆடுகிறது. பேனா பிடித்தாலும் ஆடுகிறது, டம்ளர் பிடித்தாலும் ஆடுகிறது. அறுபத்து மூன்று வயதுக்கு இது நியாயம்தானே? உங்களுக்கு எத்தனை குழந்தைகள்? இரண்டா? நல்லது. மேசையில் ஏறி விளையாடட்டும், ஒன்றும் ஆகாது. நாற்பது வருஷம் டின் சுமந்த மரம்.

கூப்பிடுகிறாளா? ஆமாம், கோமதிதான். பேத்தி விழித்திருப்பாள். நீங்கள் எழுதுங்கள்.

“என்னங்க…”

இது இரண்டாவது. சொன்னேனே, இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதுங்கள், பின்கோடு விட்டுப்போயிற்று.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? ஓ. ஓடி வருகிறாள். முப்பத்தைந்து வருஷத்தில் மூன்றாவது தடவை கூப்பிடாமல் அவள் வந்து நான் பார்த்ததில்லை. கையில் என்ன, பேத்தியா? குழந்தை ஏன் அப்படித் தலையைத் தொங்கவிட்டு…

கோமதி, ஓடாதே, மெதுவாக வா. ஒன்றுமில்லை. நரிதான். நரி விரட்டியிருக்கும்.